குன்றுத் தடமும் துவிச்சக்கரவண்டியும்

பாலையூற்று என்னும் பெயர் இரண்டு சொற்கள் சேர்ந்து ஆயது. ஒன்று மரத்தின் பெயர். மற்றது நீரின் பெயர். பாலை என்றவுடன் பழந்தமிழ் கற்றோர் நெஞ்சில் நீரும் நிழலுமற்ற வறுநிலமே தோன்றும். திருகோணமலை மக்களின் நெஞ்சிலோ கோடையிற் பழுக்கும் பாலைப்பழத்தின் இனிமையே தோன்றும். பொன்னிறமான அச்சிறு கனியைத் தேடிக் காட்டினுட் சென்ற சிறுவரும் முதியோரும் தம் காலடிகளால் வகுத்த ஒற்றையடிப் பாதைகள் பல. விறகு தேடிய பெண்கள் வகுத்தவை சில. மாடுகள் நீருக்குச் சென்று மீண்டமையால் உண்டானவை சில. கோயிலுக்கும் கிணற்றுக்கும் குறுக்கு வழியாக அமைந்தவை வேறு சில. நிலவளவையாளர் எவரும் அளந்து வகுக்காத வழிகள் இவை. எனினும் எத்தனையோ தலைமுறையின் அறிவு அவற்றிலே பதிந்து கிடக்கின்றது.

இத்தகைய ஒற்றையடிப் பாதைகளிலே துவிச்சக்கரவண்டியைச் செலுத்துதல் இன்று உலகின் பல நாடுகளில் ஒரு பெரும் விளையாட்டாக வளர்ந்துள்ளது. மலைநாடுகளில் மாத்திரமன்றிக் கடல்சூழ்ந்த தீவுகளிலும் இதற்கெனவே தடங்கள் அமைக்கப்படுகின்றன. ஒருபுறம் குன்றும் மறுபுறம் கடலும் அமைந்த இடத்திற்கு இவ்விளையாட்டினர் தரும் மதிப்பு மிகப் பெரிது. அவ்வாறாயின், குன்றுகளும் குடாக்களும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் திருகோணமலையிலே இத்தகைய தடங்கள் அமைதல் வேண்டுமா? வேண்டுமெனில் எவ்வாறு அமைதல் வேண்டும்? இவ்வினாக்கள் விளையாட்டை விரும்புவோருக்கு மாத்திரம் உரியன அல்ல. மண்ணையும் நீரையும் வருங்காலப் பிள்ளைகளையும் எண்ணுவோர் அனைவருக்கும் உரியன.

துவிச்சக்கரவண்டியின் வரலாற்றைச் சிறிது நோக்கின், அது செப்பனிட்ட வீதிக்காகப் பிறந்த ஊர்தியன்று என்பது புலனாகும். 1817ஆம் ஆண்டிலே ஜெர்மனியின் மான்கைம் நகரில் கார்ல் வொன் டிரைஸ் என்பவர், மிதிகட்டை இல்லாத இரு சக்கர ஊர்தியொன்றைக் காலால் நிலத்தை உந்திச் செலுத்திக் காட்டினார். 1885ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்ராளி உருவாக்கிய வண்டியிலே, ஏறத்தாழ ஒத்த அளவுடைய இரு சக்கரங்களும், பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலியும் அமைந்தன. 1888ஆம் ஆண்டிலே பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த மிருக வைத்தியர் ஜோன் டன்லொப், காற்றடைத்த றப்பர் ரயருக்கு உரிமை பெற்றார். தார் வீதிகள் எங்கும் பரவுவதற்கு முன்னரே இவையாவும் நிகழ்ந்தன. ஆதலால் மண்ணும் கல்லும் சேறுமே இவ்வூர்தியின் முதல் வழிகள் எனல் பொருந்தும்.

காட்டுவழியிலும் அது செல்லவல்லது என்பதை இருபதாம் நூற்றாண்டின் போரொன்று கடுமையான முறையில் உலகுக்கு உணர்த்திற்று. 1941ஆம் ஆண்டு டிசம்பரில் மலாயாவிலே தரையிறங்கிய யப்பானியப் படையினரிற் பெருந்தொகையினர் துவிச்சக்கரவண்டிகளிலே தெற்கு நோக்கி விரைந்தனர். பாலங்கள் தகர்க்கப்பட்ட இடங்களில் வண்டியைத் தோளிற் சுமந்து ஆற்றைக் கடந்தனர். றப்பர்த் தோட்டங்களின் ஊடே சென்ற சிறு வழிகளைப் பயன்படுத்தினர். ரயர் கிழிந்தபோது வெறும் இரும்பு வளையத்திலேயே ஓடினர். 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு மாதங்கள் நிறைவதற்கு முன்னர், அவ்வாண்டு ஏப்ரில் 9ஆம் நாள், யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தன. துறைமுகத்தையும் நகரையும் நடுக்கிய அக்காலையின் பின்னணியிலே துவிச்சக்கரவண்டிக்கும் ஒரு பங்கு இருந்தது என்பது சிந்தனைக்குரியது.

போருக்குப் பயன்பட்ட அதே ஊர்தி பிற்காலத்திலே விளையாட்டுக்குப் பயன்பட்டமை வேறொரு கதை. அமெரிக்காவின் கலிபோர்ணியாவிலே, சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மாரின் என்னும் மாவட்டம் உண்டு. அங்குள்ள மலைச்சரிவுகளிலே, 1970களில், இளைஞர் சிலர் தடித்த ரயர் பூண்ட பழைய வண்டிகளை மேலே தள்ளிச் சென்று கீழ்நோக்கிச் செலுத்தினர். 1976ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் அவர்கள் நடத்திய முதற் போட்டியின் களத்துக்கு ‘ரீபாக்’ என்று பெயர். இறக்கத்தில் ஓயாது பிறேக் பிடித்தமையாற் சக்கரத்தின் குடம் வெம்பி, உள்ளிருந்த கொழுப்பெண்ணெய் புகைந்து போக, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கொழுப்பெண்ணெய் அடைக்க வேண்டியிருந்ததால் வந்த பெயர் அது. 1977இல் ஜோ பிறீஸ் என்பவர் இதற்கெனவே தனிச் சட்டம் அமைத்தார். 1981இல் தொழிற்சாலையிற் பெருந்தொகையாகச் செய்த வண்டிகள் விற்பனைக்கு வந்தன. 1996இல் அற்லான்ரா ஒலிம்பிக் விழாவிலே இது போட்டியாக இடம்பெற்றது. சில இளைஞரின் பொழுதுபோக்கு இருபது ஆண்டுகளில் உலக அரங்கை அடைந்தது.

இவ்வண்டி சாதாரண வண்டியினின்றும் எவ்வாறு வேறுபடுகின்றது? ரயர் அகன்றது, நிலத்தைப் பற்றும் கட்டைகள் அதன் மேற்பரப்பிற் புடைத்து நிற்கும். காற்றைச் சிறிது குறைத்தே அடைப்பர். அப்போதுதான் ரயர் கல்லின்மீது துள்ளாமல் அதன் வடிவத்துக்கு இசைந்து மடங்கும். முன்கவையிலே அதிர்ச்சியைத் தாங்கும் வில்லோ காற்றறையோ உண்டு. ஏற்றத்துக்கென மிகத் தாழ்ந்த பற்சக்கர அமைப்பும் உண்டு. எனினும் நுட்பமெல்லாம் வண்டியிலேயே அடங்கிவிடுவதில்லை. கண்ணைச் சக்கரத்தின் முன்னே அன்றிப் பல முழம் அப்பாற் செலுத்துதல், இறக்கத்தில் உடலைப் பின்னுக்குக் கொண்டு செல்லுதல், சக்கரம் வழுக்காதவாறு பிறேக்கை மெல்லப் பிடித்து விடுதல் ஆகியன பயிற்சியால் வருவன. பின்சக்கரத்தை இறுக்கி நிலத்தைக் கீறிச் செல்பவன் திறமையுடையவன் அல்லன். அவன் தடத்தை உழுது மழைக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுக்கின்றான்.

மாரின் மாவட்டத்து வரலாற்றிலே மற்றொரு பாடமும் உண்டு. வண்டியோட்டுவோர் தொகை பெருகியதும், நடந்து செல்வோரும் குதிரையேறிச் செல்வோரும் அஞ்சலாயினர். திருப்பங்களில் எதிர்பாராது பாய்ந்துவரும் வண்டிகளால் மனக்கசப்பு வளர்ந்தது. முடிவில், அம்மலைப் பகுதியின் ஒற்றையடிப் பாதைகள் பல வண்டிகளுக்கு மூடப்பட்டன. அகன்ற வழிகளிலே மணிக்கு 15 மைல் என வேக எல்லை விதிக்கப்பட்டது. இவ்விளையாட்டு எங்கே பிறந்ததோ அங்கேயே அதற்கு வழி அடைபட்டது. முதலில் விதி வகுத்துப் பின்னர் ஓடியிருப்பின் இந்நிலை நேர்ந்திராது. திருகோணமலைக்கு இதுவே முதற் பாடமாகும்.

இனித் திருகோணமலையின் நிலத்தை நோக்குவோம். கிழக்கே கோணேசர் கோயில் கொண்டிலங்கும் சுவாமிமலை கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கின்றது. ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற தலம் அது. அதன் அடியிலே போர்த்துக்கேயர் 1624இல் எழுப்பிய கோட்டையிலும் அதனைச் சூழ்ந்த நகரிலும் புள்ளிமான்கள் அச்சமின்றி உலவுகின்றன. தெற்கே உலகின் ஆழமிக்க இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று விரிந்து கிடக்கின்றது. அதற்கப்பால் மகாவலி கங்கையின் நீரேற்கும் கொட்டியாரக் குடா. வடமேற்கே கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும், வடக்கே உப்புவெளி, நிலாவெளி என்னும் வெண்மணற் கரைகளும் உள்ளன. பாலையூற்றிலிருந்து ஒரு காலைப்பொழுதில் துவிச்சக்கரவண்டியிற் புறப்படும் ஒருவர், வெயில் ஏறுமுன் குன்றையும் காட்டையும் கடற்கரையையும் கண்டு மீளலாம். இவ்வளவு குறுகிய தொலைவிலே இவ்வளவு வேற்றுமை அமைந்த நிலம் அரிது.

ஆனால் இந்நிலத்துக்கு ஓர் இயல்பு உண்டு. இங்கு ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர். அதன் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் ஜனவரி வரையுள்ள நான்கு மாதங்களிலேயே கொட்டித் தீர்கின்றது. ஏனைய மாதங்களிற் கச்சான் காற்று வீசி நிலத்தைப் பொடியாக உலர்த்துகின்றது. பாறைக்குமேல் மெல்லியதாகப் படிந்துள்ள மண் கோடையிலே தூளாகிப் பின் மாரியின் முதல் வெள்ளத்திலே அடித்துச் செல்லப்படும். மேலிருந்து கீழ்நோக்கி நேராக வெட்டிய பாதை எதுவாயினும், வாடைக்காற்றோடு வரும் மழையில் அது பாதையாக இராது, ஓடையாகிவிடும். ஓடை ஆண்டுதோறும் ஆழமாகும்; அதன் இருபுறத்து மரவேர்கள் வெளிப்படும்; கரைந்த மண் குடாவிற் சென்று படியும். பவளப் பாறைக்கும் கடற்புல்லுக்கும் சேறு பகையென்பது சொல்லாமலே விளங்கும்.

ஆதலால் குன்றிலே தடம் வகுப்போர் முதலிற் கற்க வேண்டியது வண்டியின் இயல்பையன்று, நீரின் இயல்பையே. உலகெங்கும் தடம் அமைப்போர் அனுபவத்தாற் கண்ட விதிகள் சில உள. தடத்தின் சரிவு, அது செல்லும் குன்றுப் பக்கத்தின் சரிவிற் பாதிக்கு மேற்படலாகாது என்பது ஒன்று. பாதிக்கு மேற்படின் நீர் தடத்தைக் குறுக்கே கடவாது, தடத்தின் வழியே ஓடத் தொடங்கும். முழுத் தடத்தினதும் சராசரிச் சரிவு நூற்றுக்குப் பத்து என்னும் அளவுக்குள் அடங்குதல் நன்று என்பது மற்றொன்று; அதாவது நூறு மீற்றர் செல்லும்போது பத்து மீற்றருக்கு மேல் ஏறலாகாது. தடத்தின் வெளிவிளிம்பு உள்விளிம்பினும் சிறிது தாழ்ந்திருத்தல் வேண்டும். அவ்வாறாயின் மேலிருந்து வரும் நீர் மெல்லிய படலமாகத் தடத்தைக் கடந்து கீழே போய்விடும். நெடுந்தூரம் ஒரே இறக்கமாக விடாமல், இடையிடையே சிறு ஏற்றம் அமைத்தல் வேண்டும். அவ்வேற்றத்தின் அடியில் நீர் நின்று வெளியேறும்.

இவ்விதிகள் புதியவைபோலத் தோன்றினும் உழவருக்குப் புதியன அல்ல. வரம்பு கட்டுதலும், வாய்க்காலின் சரிவைக் கண்ணால் அளந்து நீரைத் தம் வயலுக்கு அழைத்துச் செல்லுதலும் தம்பலகாமத்து வயல்களிலே வாழையடி வாழையாக வரும் கல்வி. நீரை அழைப்பதற்குப் பயன்படும் அவ்வறிவையே நீரை விலக்குவதற்கும் பயன்படுத்தலாம். வெளிநாட்டிலிருந்து நிபுணர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மண்வெட்டியும் அலவாங்கும் கத்தியும், சரிவை அளக்க ஓர் எளிய கருவியும், மழையிலே நனைந்து நின்று நீர் ஓடும் வழியை நோக்கும் பொறுமையும் இருப்பின் போதும். நீர் ஓடுவதைக் காணாது கோடையில் வகுத்த தடம் மாரியிற் பிழைக்காது.

கடற்கரைக்கு வேறு விதி உண்டு. ஈரமணல் இறுகிக் கிடக்கும் நீர்விளிம்பிலே வண்டி ஓடும். ஆனால் அங்கே உப்புநீர் சங்கிலியையும் குடத்தையும் அரிக்கும் என்பதை ஓட்டுபவர் அறிதல் வேண்டும். மணல்மேட்டின்மீது ஓட்டுதல் ஒருபோதும் தகாது. அங்கே படரும் அடம்பங்கொடியும் இராவணன்மீசைப் புல்லுமே மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. சக்கரம் அக்கொடியை அறுக்குமாயின் காற்று மணலை அள்ளும், மேடு தாழும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையிலே செய்த அழிவைக் கண்டோர், கரைக்கும் குடியிருப்புக்கும் இடையே நிற்கும் மணல்மேட்டைச் சிறிதென எண்ணார்.

சட்டமும் ஒழுங்கும் கூறும் எல்லைகளும் உள. துறைமுகத்தைச் சார்ந்த கடற்படை நீர்ப்பிடிப்புக் காடும், துறைமுகத்தினுள் அமைந்த சோபர் தீவும் 1963ஆம் ஆண்டிலே சரணாலயங்களாக்கப்பட்டன. சரணாலயத்திலும் ஒதுக்கக் காட்டிலும் உரிய திணைக்களத்தின் இசைவின்றி ஒரு செடியைத்தானும் வெட்டித் தடம் வகுத்தல் ஆகாது. துறைமுகத்தைச் சூழ்ந்த நிலங்கள் பல பாதுகாப்புப் படையினரின் பொறுப்பில் உள்ளன. காட்டோரங்களிலே அந்தி மயங்கியபின் யானைகள் நடமாடும். அவ்வேளையில் வண்டியோட்டுதல் வீரமன்று, மடமை. நீண்ட போர் நடந்த மாகாணத்திலே, மக்கள் பழகாத புதரினுட் புகுமுன் அந்நிலம் துப்புரவாக்கப்பட்டதோ என அதிகாரிகளிடம் கேட்டறிதல் தலையாய கடமையாகும். கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம் என்பவற்றின் வழிகளிலோ, வண்டியை விட்டிறங்கி நடத்தலே பண்பு.

இவ்வளவு தடைகள் இருப்பின் தடம் எங்கே அமைவது என்று சிலர் வினாவலாம். விடை தொடக்கத்திலேயே கூறப்பட்டது: புதிய வழி வெட்டுவதினும் பழைய வழிகளை இணைப்பதே நன்று. இதற்கு இலங்கையிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. மலையகத்திலே, தேயிலைத் தோட்டங்களிலே தொழிலாளரும் கொழுந்து ஏற்றிய வண்டிகளும் சென்ற பழைய பாதைகளை ஒன்றோடொன்று பொருத்தி, கண்டியை அடுத்த ஹந்தானையிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பெக்கோ நெடும்பாதையை 22 கட்டங்களாக அமைத்துள்ளனர். அங்கே பாதை சிற்றூர்களை விலக்கிச் செல்வதில்லை. அவற்றின் ஊடே செல்கின்றது. வழிப்போக்கர் ஓரிடத்தில் உண்பர், ஓரிடத்தில் உறங்குவர், பணம் ஓரிடத்திலே குவியாது பலவிடத்தும் பரவுகின்றது. தேயிலைக் காட்டுக்கு இயன்றது பாலைக் காட்டுக்கு இயலாதோ?

ஆயினும் பழைய பாதைக்கு ஏற்கனவே உரியவர் உளர் என்பதை மறத்தலாகாது. தலையில் விறகுக்கட்டுடன் வரும் பெண் உடனே விலக முடியாது. அவள் முன் வண்டியே நிற்றல் வேண்டும். மாட்டுப்பட்டி வரும்போது இறங்கி ஒதுங்குதல் வேண்டும். ஏறிவருபவருக்கு இறங்கிவருபவர் வழிவிடுதல் வேண்டும். திருப்பந்தோறும் மணியடித்தல் வேண்டும். விளையாட வருபவருக்கு அது ஒரு பொழுது. நடப்பவருக்கு அது வாழ்வு. தடத்திற்குப் பெயர்ப்பலகை நாட்டியபின் விறகெடுப்பவளை அந்நியளாக நோக்கும் நிலை வருமாயின், அத்தடம் ஊருக்கு ஆகாது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் இம்மாவட்டத்திலே, ஓர் ஊரின் எல்லையில் தொடங்கி மற்றோர் ஊரின் எல்லையில் முடியும் பாதை இரண்டு ஊராரையும் கலந்து வகுக்கப்பட வேண்டும். அவ்வாறு வகுக்கப்படின், பல கூட்டங்களாலும் உரைகளாலும் ஆகாத பழக்கத்தை அப்பாதை உண்டாக்கும்.

இளைஞர் நிலையையும் எண்ணுதல் வேண்டும். கண்டி வீதியிலே பேருந்தும் லொறியும் விரையும்போது, அதன் ஓரத்தில் வண்டியோட்டிப் பாடசாலை செல்லும் பிள்ளையைக் காணும் தாயின் நெஞ்சு நடுங்கும். வண்டியைத் தன் வசத்தில் வைத்திருக்கும் பயிற்சி அப்பிள்ளைக்கு எங்கே கிடைக்கின்றது? குறுகிய வழியில் நிதானம் தவறாது செல்லவும், ஏற்றத்தில் மூச்சைக் காக்கவும், இறக்கத்தில் ஆசையை அடக்கவும் குன்றுத் தடம் கற்பிக்கும். வீட்டுக்குத் திரும்பி வண்டியைக் கவிழ்த்து வைத்துச் சங்கிலியைத் துடைத்து எண்ணெயிடும் பழக்கமும் ஒரு கல்வியே. 1990களிலே எரிபொருள் தடைப்பட்ட யாழ்ப்பாணத்தைத் தாங்கியது துவிச்சக்கரவண்டி. 2022ஆம் ஆண்டிலே நாடெங்கும் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்திலும் மக்கள் மீண்டும் நாடியது அதனையே. நெருக்கடியில் உதவும் தோழனை நல்ல காலத்திற் பேணாமை அறிவுடைமை ஆகாது.

இப்பயிற்சி ஆண்பிள்ளைகளோடு நின்றுவிடுதல் கூடாது. 1990களின் தொடக்கத்திலே தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு துவிச்சக்கரவண்டி ஓட்டுதலையும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்பொழுது மாவட்ட ஆட்சியராய் இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்னும் பெண்மணி. ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் வண்டியேறினர். தொடக்கத்திற் கேலி பேசியோர் பின்னர் வாயடங்கினர். கல்லுடைக்கும் தொழிலாளியும் கிராமத் தாதியும் ஆசிரியையும் பிறர் துணையை எதிர்பாராது தம் கடமைக்குச் சென்றனர். வண்டி அவர்களுக்குப் பயண வசதியை மாத்திரமன்றி, தம் நேரத்தைத் தாமே ஆளும் உரிமையையும் அளித்தது. குன்றுத் தடம் அமையுமாயின், பெண்பிள்ளைகள் அச்சமின்றிச் செல்லத்தக்கதாக அஃது அமைந்துள்ளதா என்பதே அதன் தரத்தை அளக்கும் கோலாகும்.

வருவாயும் வரும் என்பதை மறுப்பதற்கில்லை. நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வெளிநாட்டார் மிகுதியாக வரும் காலம் ஏப்ரில் முதல் செப்ரெம்பர் வரை. தடம் உலர்ந்து உறுதியாய் இருக்கும் காலமும் அதுவே. வண்டி வாடகைக்கு விடுதல், பழுது பார்த்தல், வழிகாட்டுதல், இளநீரும் உணவும் விற்றல் ஆகிய தொழில்கள் ஊரவர்க்குக் கிடைக்கலாம். ஆனால் மாரி தொடங்கியதும் தடத்தை மூடுதல் வேண்டும். நனைந்த மண்ணிலே ஒரு நாள் ஓடிய வண்டிகள் இடும் கீறல், பின்னர் பல நாள் வேலை செய்தும் ஆறாது. வருவாய் வரும்போது திறப்பதற்குப் பலர் முன்வருவர்; மழை வரும்போது மூடுவதற்கு யார் முன்வருவர்? இவ்வினாவுக்கு விடை காணாமல் முதல் மண்வெட்டியை எடுத்தல் முறையன்று. தடத்தை மூடும் அதிகாரம் அதனால் ஊதியம் பெறுவோரிடம் மாத்திரம் இருத்தல் தகாது. அப்பாதையில் அன்றாடம் நடப்போரிடமும் இருத்தல் வேண்டும்.

ஆதலால் பெரிய திட்டத்தோடு தொடங்க வேண்டியதில்லை. உரிய இசைவு பெற்று, ஏற்கனவே மக்கள் நடக்கும் வழிகளுள் ஒரு கிலோமீற்றரைத் தெரிந்தெடுக்கலாம். ஊர்ச் சங்கத்தினரும் பாடசாலை மாணவரும் உழவரும் சேர்ந்து அதன் சரிவை அளந்து, நீர் செல்லும் வழியைத் திருத்தலாம். ஒரு கோடை அதில் ஓடலாம். மாரி வந்ததும் மூடிவிட்டு, மழையின் பின் சென்று, மண் எங்கே கரைந்தது, எங்கே நின்றது எனக் கண்டு குறித்துக்கொள்ளலாம். அந்த ஒரு கிலோமீற்றர் மாரியைத் தாங்கி நின்றால் இரண்டாவது கிலோமீற்றரைப் பற்றிப் பேசலாம்; தாங்காவிடின் அதனைத் தூர்த்து மண்ணுக்கே மீட்டுக் கொடுக்கலாம். குன்றின் விடையைக் கேட்டபின் செய்யும் செயலுக்குக் கேடு வருதல் அரிது.